டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் உடனே ஊசி போட்டுக்கொள்ளலாமா?

"வயது 36. எப்போதும் களைப்பு, தாம்பத்திய ஆசையும் குறைந்துவிட்டது. டெஸ்டோஸ்டிரோன் பார்த்ததில் 270 வந்தது, ஜிம்மில் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். இன்னும் குழந்தை இல்லை. மாதவிலக்கு நின்றுவிட்ட என் அக்காவுக்கும் இதே பிரச்சினை, அவரும் எடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்பட்டு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். நான் சில வருடங்களாக இந்தச் சிகிச்சையில்தான் இருக்கிறேன், அது இல்லாவிட்டால் எனக்கு ஒரு நாளை ஓட்டுவதே பெரும்பாடு, அதனால் இதற்கு எதிராகப் பேச வரவில்லை. ஆனால் ஏன் குறைந்தது என்று தெரியாமல் இதை ஆரம்பிக்கக் கூடாது, அதுவும் குழந்தைக்குக் காத்திருக்கும்போது கூடவே கூடாது.

முதலில் அந்த 270. ரத்தம் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? டெஸ்டோஸ்டிரோன் என்ற இந்த ஆண் ஹார்மோன் விடியற்காலையில் ஏறி, பொழுது போகப் போக இறங்கும், சாப்பிட்ட பிறகும் இறங்கும். அதனால் காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வேறு வேறு நாட்களில் குறைந்தது இரண்டு முறை பார்த்த பிறகுதான் குறைவு என்றே சொல்ல வேண்டும். காய்ச்சலாகக் கிடந்தபோதோ சரியாகத் தூங்காத வாரத்திலோ எடுத்திருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. இன்னொன்று, கோடு எங்கே என்பதிலேயே எல்லோரும் ஒத்துப்போகவில்லை. அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்கிறது. உடல் பருமன் இல்லாத 19 முதல் 39 வயது ஆரோக்கியமான ஆண்களை வைத்து வகுத்த அளவிலோ கீழ் எல்லை 264. உங்கள் 270 ஒரு கணக்கில் குறைவு, இன்னொன்றில் சரி. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்திருக்கும் எஸ்.எச்.பி.ஜி. என்று ஒரு புரதம் இருக்கிறது, பருமன் இருப்பவர்களுக்கு அது குறைவதால் மொத்த அளவு குறைவாகத் தெரியும், உடல் பயன்படுத்தும் அளவு போதுமானதாகவே இருக்கலாம். இப்படி எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் அதையும் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது முறையும் குறைவாகவே வந்தால், அடுத்து எல்.எச்., எஃப்.எஸ்.எச்., ப்ரோலாக்டின் என்ற மூன்று ஹார்மோன்களின் பரிசோதனையையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். அனுப்பித்தான் விரைகளை வேலை வாங்குகிறது. எல்.எச். ஏறி டெஸ்டோஸ்டிரோன் மட்டும் இறங்கியிருந்தால் கோளாறு விரையில், பெரியவனான பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரையைத் தாக்கியிருக்கலாம், பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கலாம். இரண்டுமே இறங்கியிருந்தால் மேலேயிருந்து கட்டளையே வரவில்லை என்று அர்த்தம். எனக்கு இரண்டாவது வகை. என் மருத்துவர் அதைப் பார்த்ததும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், பிட்யூட்டரியில் கட்டி இருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, சுரப்பி மறுபடி வேலை செய்யவில்லை, அதனால்தான் எனக்கு வெளியிலிருந்து ஹார்மோன் தேவைப்படுகிறது. எடுத்த எடுப்பிலேயே ஊசியை ஆரம்பித்திருந்தால் களைப்பு கொஞ்சம் தணிந்திருக்கும், கட்டி பாட்டுக்கு உள்ளே வளர்ந்துகொண்டிருந்திருக்கும். பயப்பட வேண்டாம், பெரும்பாலானவர்களுக்குக் கட்டியெல்லாம் இருக்காது. எடை, சர்க்கரை நோய், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம், ஓபியாய்டு வகை வலி மருந்துகள், முன்பு எப்போதோ போட்ட ஸ்டீராய்டு, இப்படித்தான் ஏதாவது இருக்கும். எடையைக் கணிசமாகக் குறைத்தாலே அளவு தானாக ஏறியவர்கள் உண்டு. களைப்புக்குத் தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு என்று வேறு காரணங்களும் இருக்கின்றன, அவற்றையும் பாருங்கள்.

இப்போது குழந்தை விஷயம், உங்களுக்கு இதுதான் முக்கியம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் பிட்யூட்டரி "போதும்" என்று எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும். இதை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்திருக்கிறது. வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்ட 271 பேரில் 157 பேருக்கு விந்தில் ஒரு அணுகூட இல்லாமல் போனது, 1990இல் வெளியான முடிவு இது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். ஜிம்மில் இதை யாராவது உங்களிடம் சொன்னார்களா? குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு எச்.சி.ஜி., குளோமிஃபீன் என்று விரையையே வேலை செய்ய வைக்கும் வேறு மருந்துகள் இருக்கின்றன, நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

சிகிச்சை எப்படி இருக்கும் என்றால், எனக்குப் போடுவது அண்டெகனோயேட் என்ற நீண்ட நாள் ஊசி. விளக்கெண்ணெயில் கரைத்த மருந்து, நான்கு மில்லி, பிட்டத் தசையில். குப்புறப் படுத்துக்கொள்வேன், நர்ஸ் அவசரமே இல்லாமல் இரண்டு நிமிடம் எடுத்து இறக்குவார், வேகமாகப் போட்டால் எண்ணெய் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய் இருமலும் மூச்சுத்திணறலும் வரலாம் என்பதால் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார வைப்பார்கள். அப்புறம் 10 முதல் 14 வாரம் கழித்து அடுத்தது. தினமும் தோளில் தடவும் ஜெல்லும் உண்டு. தடவினால் காய விட்டு, சட்டை போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும், அந்தத் தோலில் குழந்தை ஒட்டிக்கொண்டால் மருந்து அதற்கும் ஏறி வயதுக்கு மீறிய மாற்றங்கள் வந்த சம்பவங்கள் உண்டு.

ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி வைப்பார்கள், அதனால் அதையும், வயதைப் பொறுத்து புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. பரிசோதனையையும் தவறாமல் பார்க்க வேண்டும். மாரடைப்பு வருமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 5,000-க்கு மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த டிராவர்ஸ் ஆய்வு 2023இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மருந்து எடுத்தவர்களில் 7.0 சதவீதம், ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலியைக் கொடுத்தவர்களில் 7.3. நிம்மதியான செய்திதான், ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் மருந்து எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தன. களைப்பு பறந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். 65 வயதைத் தாண்டிய 790 பேரிடம் நடந்த ஆய்வில் தாம்பத்திய ஆசை ஓரளவு கூடியது, சுறுசுறுப்பில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை.

சரி, அக்காவுக்கு வருகிறேன். பெண்களுக்கும் கருமுட்டைப்பையிலும் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் இந்த ஹார்மோன் சுரக்கிறது, வயதோடு மெல்ல மெல்லக் குறையும். ஆனால் பெண்களுக்கு "இதற்குக் கீழே போனால் குறைபாடு" என்று ஒரு எண்ணே கிடையாது, எனவே ரிப்போர்ட்டைக் காட்டி அவரிடம் யாராவது ஊசி விற்கப் பார்த்தால் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். பல நாடுகளின் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2019இல் சொன்னது இதுதான்: மாதவிலக்கு நின்ற பெண்ணுக்குத் தாம்பத்திய ஆசை குறைந்து, அது அவருக்கே மன வேதனையாக இருந்து, வேறு காரணம் எதுவும் இல்லை என்றால் மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். களைப்புக்கோ எலும்புக்கோ மறதிக்கோ கொடுக்கப் போதிய ஆதாரம் இல்லை. தோலில் தடவும் மருந்துதான் ஏற்றது, ஆண்களின் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு, அதனால் நாளை உங்களுக்கு ஜெல் எழுதித் தந்தாலும் அதை அவர் எடுத்துத் தடவிக்கொள்வது வேண்டவே வேண்டாம். நடுவில் ரத்தத்தில் அளவு எகிறுகிறதா என்று பார்க்க வேண்டும், ஆறு மாதத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். முகப்பருவும் ரோமமும் வந்தால் அளவைக் குறைத்துச் சமாளிக்கலாம், குரல் கனத்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும், உடைந்த குரல் பெரும்பாலும் பழையபடி திரும்புவதில்லை.