சூகா ஸ்டிரெப்டோமைசஸ்: கேள்வி பதில்

கேள்வி: ஜீன்களை வெட்டியெறிந்தால் மருந்து எப்படி அதிகமாகக் கிடைக்கும்?

வெட்டினால் மட்டும் கிடைக்காது, போட்டிதான் குறையும். ஸ்டிரெப்டோமைசஸ் அவெர்மிடிலிஸ் என்ற மண் பாக்டீரியா அவெர்மெக்டின், பிலிப்பின், ஒலிகோமைசின் என்ற பொருள்கள் எல்லாவற்றையும் மலோனைல் கோஏ என்ற ஒரே மூலப்பொருள் கையிருப்பிலிருந்து செய்கிறது. ஜப்பானின் கிடசாடோ பல்கலைக்கழகக் குழு அதன் டிஎன்ஏவின் 90 லட்சம் கார இணைகளில் (எழுத்து ஜோடிகளில்) 14 லட்சத்துக்கு மேல் நீக்கி, சூகா எனப்படும் வகைகளை 2010இல் வெளியிட்டது. அத்தியாவசிய ஜீன்கள் குரோமோசோமின் நடுவில் இருப்பதால் வெட்டு பெரும்பாலும் ஓரத்தில். மண் வாசனை தரும் ஜியோஸ்மின் ஜீன்கூட சூகா17இல் கிடையாது. ஸ்டிரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் செய்யும் ஜீன் கொத்தை நுழைத்தபோது, அதன் சொந்த நுண்ணுயிரைவிட அதிகமாகவே சுரந்தது.

கேள்வி: ஆய்வகத்தில் உருவாக்கிய, வெறும் 473 ஜீன் கொண்ட சின்3.0 பாக்டீரியா இன்னும் எளிமையாயிற்றே, அதில் செய்யலாமா?

வேண்டாம். செல் சுவர் இல்லை, இரட்டிக்க 3 மணி நேரம், வளர்க்க விலை உயர்ந்த ஊடகம். மூலப்பொருள் செய்யும் பாதைகளும் போய்விட்டன.

கேள்வி: சார், ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து சூகாவுக்கு டிஎன்ஏ மாற்றினால் ஒரு காலனிகூட வரவில்லை.

முதலில் ஈ.கோலை எந்த வகை என்று பாருங்கள். அவெர்மிடிலிஸ் மெத்தில் என்ற வேதிக் குறி ஏறிய டிஎன்ஏவை வெட்டிவிடும். மெத்தில் ஏற்றாத இடி12567 என்ற ஈ.கோலை வகை, கூடவே டிஎன்ஏ மாற்றத்துக்கு உதவும் பியூஇசட்8002 பிளாஸ்மிட் (சிறு டிஎன்ஏ வளையம்) வேண்டும். ஈ.கோலையை ஓடி (கலங்கல் அளவு) 0.4 முதல் 0.6க்குள் எடுத்து, எல்பி ஊடகத்தில் இருமுறை கழுவுங்கள். ஆன்டிபயாடிக் மிச்சமிருந்தால் அவெர்மிடிலிஸின் ஸ்போர் (வித்து) முளைக்காது. 10 கோடி ஸ்போரை 50 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி, ஆறியபின் ஈ.கோலையுடன் கலந்து, 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு சேர்த்த மானிட்டால் சோயா அகரில் பரப்புங்கள். 30 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம் கழித்து, ஈ.கோலையைக் கொல்ல நாலிடிக்சிக் அமிலம் 0.5 மிகி, டிஎன்ஏ ஏறாதவற்றைக் கொல்ல அப்ராமைசின் 1 மிகி கலந்த 1 மிலி நீரை மேலே ஊற்றுங்கள். முன்கூட்டியே ஊற்றினால், மாற்றிய டிஎன்ஏவிலுள்ள அப்ராமைசின் எதிர்ப்பு ஜீன் வேலை தொடங்குமுன் எல்லாம் செத்துவிடும். பிளேட்டில் நீர் தேங்கினாலும் கெடும். ஊற்றியதும் கொஞ்சம் உலர விடுங்கள்.

கேள்வி: தாவர ஜீன் உள்ளே போய்விட்டது, பொருளைக் காணோம்.

ஸ்டிரெப்டோமைசஸ் டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துகள் 70 சதவீதத்துக்கு மேல். தாவர ஜீனின் கோடான்கள் (மூன்றெழுத்துக் குறியீடுகள்) இதற்கு ஒத்துவராது. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினுக்கு முந்தைய படியான அமார்ஃபாடையீனைக்கூட கோடான் மாற்றி எழுதிய ஜீனைக் கொண்டுதான் எடுத்தார்கள். டிடிஏ என்ற கோடான் ஒன்றுகூட வைக்காதீர்கள்; அதைப் படிக்கும் ஆர்என்ஏ தாமதமாகத்தான் தயாராகும். அமார்ஃபாடையீன் ஆவியாகும் சரக்கு, மேலே டோடெக்கேன் என்ற எண்ணெய் போன்ற திரவ அடுக்கு இல்லாவிட்டால் காற்றோடு போய்விடும்.

கேள்வி: ஸ்டிரெப்டோமைசின் செய்தால் அதுவே சாகாதா?

ஸ்டிரா என்ற எதிர்ப்பு ஜீன், ஸ்டிரெப்டோமைசின் ஜீன் கொத்துக்குள்ளேயே இருக்கிறது. குளோன் செய்யும்போது அதை வெட்டிவிடாதீர்கள்.