வீட்டுக்கு வரும் பிசியோவிடம் கேளுங்கள்

வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. சுகர், பிரஷர், பக்கவாதம், மூட்டுவலி எது வேண்டுமானாலும் கேளுங்கள். மாத்திரை அளவு மட்டும் என்னிடம் வேண்டாம், அது டாக்டர் பாடு.

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 2 மாதம் ஆகிறது, வலது கை வரவில்லை. பிசியோ வாரம் ஒரு நாள்தான் வருகிறார். போதுமா அண்ணே?

போதாது தம்பி. அவர் வந்து போகிற அரை மணி நேரம் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான், மீதி ஆறு நாளும் நீங்கள்தான் பிசியோ. முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதை எண்ணெய் போட்டு நீவுவதிலேயே கழித்துவிடாதீர்கள். படுக்கையிலிருந்து எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து மட்டும் இழுக்கவே கூடாது, தசை பிடிமானம் இல்லாத தோள் மூட்டு இறங்கிவிடும், அப்புறம் வலியிலேயே கையை அசைக்க விடமாட்டார். உட்கார்ந்திருக்கும்போது முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள். நான் போகும் வீட்டில் ஒரு பாட்டிக்கு முருங்கைக்கீரை உருவக் கொடுத்தோம். முதல் நாள் ஒரே ஒரு இணுக்கு, அதுவும் பாதி கீழே. பந்தை அமுக்கச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவர், கீரை என்றதும் விடவில்லை, ஒரு மாதத்தில் ஒரு பிடி கீரையை உருவி முடித்துவிட்டு மருமகளிடம் காம்பு சேர்ந்திருக்கிறதா பார் என்கிறார்!

கேள்வி: அம்மாவுக்கு முட்டித் தேய்மானம். பிசியோவில் கரண்ட் சிகிச்சை வைத்தால் நாலு நாள் நன்றாக இருக்கிறார், மறுபடி வலி.

கரண்ட் வலியைக் கொஞ்ச நேரம் அமுக்கும், அவ்வளவுதான். முட்டியைத் தாங்குவது தொடைத் தசை, அதை யாரும் கவனிப்பதில்லை. காலை நீட்டி உட்காரவைத்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 எண்ணும்வரை பிடிக்கச் சொல்லுங்கள். 10 முறை, காலையும் மாலையும். பழகிய பிறகு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரட்டும். எடை இருந்தால் குறைக்கணும், 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறையும்.

கேள்வி: 12 வருடமாகச் சுகர். இடது தோள் இறுகிப்போய் தலை பின்ன முடியவில்லை. தூங்கும்போது சுளுக்கிக்கொண்டதா?

இல்லைக்கா, கேட்டால் ஃப்ரோசன் ஷோல்டர் என்கிற தோள் இறுக்கம் போலத்தான் இருக்கிறது, சுகர் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வரும். டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். சுவரில் விரலால் நடந்து நடந்து மேலே போங்கள், நேற்று தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. யாரையும் இழுத்துவிடச் சொல்லாதீர்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் அதன் சூட்டை வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும், சுகரால் மரத்துப்போன தோல் வெந்தாலும் தெரியாது.

கேள்வி: தினமும் நடக்கிறேன். சுகருக்கு அது போதாதா?

வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, கூடவே 2 நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது இது. நடைக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். செருப்பில்லாமல் நடக்காதீர்கள், ராத்திரி பாதத்தைத் திருப்பிப் புண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எனக்கு சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டுகிறது, அதனால் நடப்பதையே விட்டுவிட்டேன்.

விட்டதால்தான் இன்னும் முட்டுகிறது ஐயா. கால் தசை சோர்ந்தால் அதே படிக்கு இன்னும் அதிக மூச்சு வேண்டும். மூக்கால் இழுத்து, விளக்குச் சுடர் அணையாமல் ஆடுகிற அளவுக்கு உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். படியில் கால் வைக்கும்போது விடணும், நின்று இழுக்கணும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் பயிற்சி வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: வீட்டுக்கு பிசியோ வர யாரைக் கேட்பது?

தமிழ்நாட்டில் என்றால் மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அக்காவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைக் கொடுங்கள். கட்டணம் இல்லை. 2024இல் ஐ.நா. விருதுகூட வாங்கிய திட்டம், ஆனால் என் ஒருத்தன் தலையில் இத்தனை ஊர் என்றால் வாரம் ஒருமுறைக்கு மேல் எப்படி வருவது, நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: பிரஷர் இருக்கிறது. தசைப் பயிற்சி செய்யலாமா?

பிரஷர் கட்டுக்குள் இருந்தால் தாராளமாக. மூச்சை அடக்கித் தம் கட்டாதீர்கள், அது பிரஷரைச் சட்டென்று ஏற்றிவிடும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் அடக்க முடியாது.