கம்ப்யூட்டர் வந்தால் மருந்துத் தவறு நின்றுவிடுமா?

மருத்துவமனை கம்ப்யூட்டருக்கு மாறினால் நோயாளிக்குப் பாதுகாப்பு கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கூடும். டாக்டரின் கிறுக்கல் புரியாமல் மருந்து மாறுவது குறையும்.

ஆனால் 2013-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததைப் பாருங்கள். 16 வயதுப் பையனுக்குத் தரவேண்டியது 160 மில்லிகிராம், அதாவது செப்ட்ரா என்ற கிருமிக்கொல்லி மருந்தில் ஒரே ஒரு மாத்திரை. திரை 'ஒரு கிலோ எடைக்கு' என்ற கணக்கில் இருந்ததைக் கவனிக்காமல் டாக்டர் 160 என்று தட்டிவிட்டார். பையனின் எடை 38 கிலோவுக்கு மேல். முப்பத்தெட்டரை மாத்திரை என்று ஆகிவிட்டது! எச்சரிக்கை வரத்தான் செய்தது. நாள் முழுக்க வருகிற எச்சரிக்கைகளில் அதுவும் ஒன்று என்று மூடிவிட்டார்கள். மருந்து எடுத்துக் கட்டும் ரோபோ அத்தனையையும் பிசகாமல் எண்ணிக் கட்டியது. நர்சுக்குச் சந்தேகம்தான், ஆனால் பார்கோடு சரி என்றதும் கொடுத்துவிட்டார். வலிப்பு வந்து, நல்லவேளை, பையன் பிழைத்தான்.

ஆர்டரும் மாத்திரையும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான் பார்கோடு பார்க்கும். ஆர்டரே தப்பு என்றால் அதற்குத் தெரியாது.