அம்மாவின் காய்ச்சலுக்கு இன்னும் பெயர் தெரியவில்லை

அன்புள்ள மேடம்,

எனக்கு 34 வயது, அம்மாவுக்கு 61. ஏழு வாரமாகச் சாயங்காலம் ஆனால் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. 58 கிலோ இருந்தவர் 50 ஆகிவிட்டார். மூன்று ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று. ஓரிடத்தில் வைடல் என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ், டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். அடுத்த இடத்தில் அது டைபாய்டே இல்லை என்றார்கள். துபாயில் இருக்கும் அண்ணன் தினமும் போன் செய்து, “இன்னுமா கண்டுபிடிக்கல? வேற டாக்டர்கிட்ட காட்டு” என்கிறார். ராத்திரி மணிக்கொரு தடவை எழுந்து அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். தூக்கம் போய், போனில் நோய்களைத் தேடிக்கொண்டிருப்பேன். “எனக்குப் புத்துநோயாடி?” என்று அம்மா கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன். நேற்று கஞ்சியைத் தள்ளி வைத்ததற்குக் கத்திவிட்டேன். இன்ன நோய் என்று சொல்லிவிட்டால்கூடத் தாங்கிக்கொள்வேன் போலிருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

உங்கள் கடைசி வரி பைத்தியக்காரத்தனம் அல்ல. பெயர் தெரிந்த நோய்க்கு மனம் தயாராகும். பெயர் தெரியாவிட்டால் ஒரே நேரத்தில் பத்து நோய்க்குத் தயாராகிக் களைத்துப்போகும்.

மூன்று வாரத்துக்கு மேல் 101 டிகிரி தாண்டி வந்துபோகும் காய்ச்சலுக்குக் காரணம் சிக்குவது பெரிய மருத்துவமனைகளிலும் தாமதமாகலாம். நுரையீரலுக்கு வெளியே ஒளிந்திருக்கும் காசநோய், நிணநீர்க் கட்டிப் புற்றுநோய், மூட்டுவாதக் குடும்பத்து நோய்கள் எல்லாம் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே ஒரு வைடல் முடிவை வைத்து டைபாய்டு என்று உறுதிசெய்ய முடியாது. கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுக்கும் முன்பே ஆன்டிபயாடிக் தொடங்கினால் கிருமி வளராமல் போகலாம். காய்ச்சல் இறங்கட்டும் என்று போடும் ஸ்டீராய்டு ஊசி, சில நோய்களைக் கொஞ்ச நாள் மறைத்துவிடும்.

அண்ணன் சொல்வதில் அன்பு இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி மாற்றும்போதெல்லாம் தேடல் முதலிலிருந்து தொடங்குகிறது. பொது மருத்துவத்தில் எம்.டி. படித்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து, முழுப் பொறுப்பையும் அவரிடம் கொடுங்கள். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் அவரிடமே சொல்லிவிட்டு, எல்லாக் காகிதங்களோடும் போங்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். காலை 6, மதியம் 12, மாலை 6, இரவு 10 என்று தெர்மாமீட்டர் அளவு. பாரசிட்டமால் கொடுத்த நேரத்தைப் பக்கத்திலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை இறக்கிய காய்ச்சலை, தானாக இறங்கியது என்று டாக்டர் நினைத்துவிடுவார். வாரம் ஒருமுறை எடை. இதுவரை போட்ட ஊசி, மாத்திரை எல்லாவற்றின் பெயரும் தேதியும். பயாப்ஸிக்குச் சதைத் துணுக்கு எடுத்தால், ரிப்போர்ட்டோடு அந்தத் துணுக்கு இருக்கும் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன்னால், “இது பாசிட்டிவ் வந்தா என்ன செய்வோம், நெகட்டிவ் வந்தா என்ன செய்வோம், ரிசல்ட் எப்ப வரும்?” என்று கேளுங்கள். சாதாரண ரத்தக் கல்ச்சருக்கு ஐந்து நாள் போல ஆகும். காசநோய்க் கல்ச்சர் ஆறு வாரம்கூட இழுக்கும். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். முடிவில்லாத காத்திருப்பைவிட, தேதி உள்ள காத்திருப்பைத் தாங்குவது எளிது.

அம்மாவுக்குக் குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், மூச்சுத்திணறல், வலிப்பு, ரத்தக்கசிவு, சிறுநீர் வெகுவாகக் குறைவது இவற்றில் எது வந்தாலும் எந்தத் தேதிக்கும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அண்ணனுக்கு வேலை கொடுங்கள். ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாகத் தொகுப்பது, இன்சூரன்ஸ் பார்ப்பது, டாக்டரைப் பார்க்கும் நாளில் போனில் சேர்ந்துகொள்வது எல்லாம் அங்கிருந்தே முடியும். தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்; அதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

நெற்றியைத் தொடுவது ஐந்து நிமிஷம் நிம்மதி தரும், அப்புறம் மறுபடி தொடச் சொல்லும். போனில் தேடுவதும் அப்படித்தான். இரவு 10 மணிக்குக் காய்ச்சல் அளப்பதோடு நிறுத்துங்கள். நடுவில் பார்க்க வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். அம்மா உங்களை எழுப்ப, அவர் கையெட்டும் தூரத்தில் ஒரு மணி வையுங்கள். மதியம் இருபது நிமிஷம் ஒதுக்கி எல்லாப் பயத்தையும் எழுதுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதை நோட்டுக்கு மாற்றிவிட்டு, மிச்சத்தை மறுநாள் மதியத்துக்கு விட்டுவிடுங்கள். இரண்டு வாரமாகியும் தூக்கம் வராவிட்டால், அல்லது வாழவே பிடிக்கவில்லை என்று ஒருமுறை தோன்றினால்கூட, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-க்கு அழையுங்கள். எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

அம்மா கேட்கும்போது பேச்சை மாற்றாதீர்கள். நீங்கள் மறைப்பதாக நினைத்து அவர் தனியாகப் பயந்துகொண்டிருப்பார். “உனக்கு எந்த அளவுக்குச் சொல்லணும்மா?” என்று முதலில் கேளுங்கள். பிறகு, “என்னன்னு இன்னும் தெரியல, தேடிக்கிட்டு இருக்காங்க. தெரிஞ்சா உன்கிட்ட மறைக்க மாட்டேன்” என்று சொல்லுங்கள். இது முழு உண்மை.

பசியை அடக்குவது அந்த நோய்தான், அம்மாவின் பிடிவாதம் அல்ல. இரண்டு மணிக்கொரு தடவை அரை டம்ளர் கஞ்சி, பாதி முட்டை என்று கொடுங்கள். நேற்றுக் கத்தியதற்கு இன்றே பக்கத்தில் உட்கார்ந்து, “பயத்துல கத்திட்டேம்மா” என்று சொல்லிவிடுங்கள்.