சாவி வாங்கும் முன் வீட்டைச் சோதித்துத் தரும் தொழில்: எப்படித் தொடங்குவது?

கேள்வி: சிவில் டிப்ளமோ முடித்து, அடுக்குமாடித் திட்டங்களில் ஒன்பது வருடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். தாம்பரத்தில் வசிக்கிறேன். புது ஃப்ளாட் வாங்குகிறவர்களுக்கு, சாவி வாங்கும் முன் வீட்டைச் சோதித்து அறிக்கை தரும் தொழிலைத் தொடங்க நினைக்கிறேன். கையில் 3 லட்சம் இருக்கிறது. லைசென்ஸ் வேண்டுமா? தெர்மல் கேமரா வாங்கியே ஆக வேண்டுமா? எவ்வளவு கட்டணம் கேட்கலாம்? நான் பார்க்கத் தவறிய குறை பின்னால் தெரிந்தால் என்ன ஆகும்?

பதில்: கேமராவைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். வாடிக்கையாளர் உங்களுக்குப் பணம் தருவது ஓர் அறிக்கைக்கு. அதை நீட்டினால் பில்டரால் தட்டிக்கழிக்க முடியாமல் ஆள் அனுப்ப வேண்டிவர வேண்டும். கருவி, கட்டணம், பொறுப்பு எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

அந்த அறிக்கைக்குப் பலம் தருவது 2016ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம். அதன் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரியவந்து அதைச் சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாளுக்குள் கூடுதல் பணம் கேட்காமல் சரிசெய்து தர வேண்டும். வாங்குபவர்களில் பலர் ‘சாவி வாங்கிவிட்டால் அவ்வளவுதான்’ என்றே நினைக்கிறார்கள். இந்தப் பிரிவை அறிக்கையின் முதல் பக்கத்தில் நான்கு வரியில் எழுதி வையுங்கள்.

வீட்டைப் பரிசோதிக்க அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் உள்ளதுபோன்ற தனி உரிமம் இந்தியாவில் கிடையாது. உத்யம் பதிவை (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். அதற்குக் காசு கேட்கும் தளங்கள் அரசுத் தளங்கள் அல்ல. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. மாநகராட்சித் தொழில்வரியையும் நடப்புக் கணக்கையும் ஆடிட்டரிடம் ஒருமுறை பேசி முடித்துவிடுங்கள். உரிமம் இல்லை என்பதால் எதை வேண்டுமானாலும் சான்றளிக்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ‘கட்டடம் உறுதியாக உள்ளது’ என்று எழுதுவது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் வேலை. சொத்து மதிப்பீடு வேறொருவர் வேலை. டி.பி. பாக்ஸின் (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் ஸ்விட்ச் பெட்டி) மூடியைக் கழற்றுவதற்கு மின் உரிம வாரியத்தின் ஒயர்மேன் தகுதிச் சான்று உள்ள ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உதவியாளரே அந்தச் சான்று பெற்றவராக இருந்தால் ஒரு சம்பளத்தில் இரண்டு வேலையும் முடியும்.

முதல் பைக்குள் இவை போதும்: நான்கு அடி ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், லேசர் தூரமானி, டைல்ஸ் தட்டிப் பார்க்க நுனியில் குண்டு வைத்த கம்பி, ஊசி முனை ஈரமானி, நல்ல மல்டிமீட்டர், ஆர்.சி.சி.பி. (போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒத்துவராவிட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) சோதனைப் பொத்தான் உள்ள 6 ஆம்ப் சாக்கெட் டெஸ்டர், விரிசல் அளக்கும் அட்டை, ஆறடி ஏணி, டார்ச், வடிகாலை அடைக்க ரப்பர் பிளக். ஏறக்குறைய 30,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். சாக்கெட் டெஸ்டர் வாங்கும்போது நம் ஊர் மூன்று பின்னுக்கானதா என்று பாருங்கள். இணையத்தில் மலிவாக வருவதில் பல அமெரிக்கத் தட்டைப் பின்னுக்கானவை. தெர்மல் கேமரா சுவருக்குள் ஊடுருவிப் பார்ப்பதில்லை. மேற்பரப்பின் வெப்ப வித்தியாசத்தை மட்டுமே காட்டும். ஏசி ஓடாத, பூட்டியே கிடந்த புது ஃப்ளாட்டில் எல்லாச் சுவரும் ஒரே வெப்பத்தில் இருக்கும். பளபளக்கும் டைல்ஸில் உங்கள் உடம்புச் சூடே பிரதிபலித்துப் படத்தில் விழும். பழகிய கைக்கு அது நல்ல துணைதான். முதல் 20 வீட்டின் வரும்படியில் வாங்கிக்கொள்ளலாம்.

ஈரமானியிலும் ஒரு கண்ணி உண்டு. அந்த எண்கள் மரத்துக்கு அளவிடப்பட்டவை. பூச்சுச் சுவரில் ‘18 சதவீதம்’ என்று காட்டினால் அது ஈரத்தின் உண்மையான சதவீதம் ஆகாது. உப்புப் பூத்த சுவர், பூச்சுக்குள் இருக்கும் கோழிவலை, ஈரம் முழுக்க ஆறாத புதுப் பூச்சு ஆகியவை எல்லாம் எண்ணை ஏற்றிவிடும். அதே அறையில் சந்தேகமில்லாத ஒரு சுவரில் முதலில் குத்தி, அந்த எண்ணையும் இந்த எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். ஒற்றை எண்ணை எழுதினால் பில்டரின் இன்ஜினீயர் இரண்டு நிமிடத்தில் உங்களை மடக்கிவிடுவார்.

இனி, அனுபவம் உள்ளவர்களே ஏமாறுகிற ஓர் இடம். சாக்கெட் டெஸ்டரைச் செருகுகிறீர்கள், ‘எல்லாம் சரி’ என்று விளக்கு எரிகிறது. ஆனால் அந்தச் சாக்கெட்டுக்கு எர்த் ஒயரே வந்திருக்காது. எலக்ட்ரீஷியன் அவசரத்தில் நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு ஒயரைப் போட்டு முடித்திருப்பார். டெஸ்டருக்கு நியூட்ரலும் எர்த்தும் வேறுவேறு என்று தெரியாது. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. டி.பி.யில் ஆர்.சி.சி.பி.யின் சொந்தப் பொத்தானை அழுத்துங்கள், அது விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். மேலே தூக்கிவிட்டு, சாக்கெட்டில் டெஸ்டரின் பொத்தானை அழுத்துங்கள். இப்போது விழவில்லையென்றால், டெஸ்டர் எர்த்துக்கு அனுப்பிய மின்னோட்டம் துண்டு ஒயர் வழியே நியூட்ரலுக்கே திரும்பிப் போயிருக்கலாம், ஆர்.சி.சி.பி.க்குக் கணக்கு சரியாக வந்துவிட்டது. அந்தச் சாக்கெட் வேறொரு ஆர்.சி.சி.பி.யில் இருக்கலாம், எதிலுமே சேராமல் தனியாகவும் இருக்கலாம்; அதையும் பார்த்துவிடுங்கள். அடுத்து அதே லைனில் ஓர் அயர்ன் பாக்ஸை ஓடவிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் அளவிடுங்கள். சுமை ஓடும்போது ஓரிரு வோல்ட் காட்டுவது இயல்பு. டி.பி.யிலிருந்து தொலைவில் உள்ள சாக்கெட்டில் அப்பட்டமாக 0.0 காட்டினால் சந்தேகம் வலுக்கிறது. மெயினை அணைத்து, உங்கள் ஒயர்மேன் சாக்கெட்டின் தகட்டைக் கழற்றட்டும், படம் எடுங்கள். வழியில் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் அந்தச் சாக்கெட்டில் இருக்கும் வாஷிங் மெஷினின் உடம்பில் 230 வோல்ட் வந்து நிற்கும். இப்படி ஒன்றைக் கண்டுபிடித்துத் தந்தாலே வாங்கிய கட்டணத்துக்கு ஈடாகிவிடும்.

இன்னொன்று குளியலறை. கீழ் வீட்டுக் கூரையில் ஓதம் இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்லாபைத் துளைத்துக் குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றிச் சரியாக அடைக்காததும், நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவரில் போதிய உயரம் ஏற்றாததும்தான். டைல்ஸ் ஒட்டிய பிறகு இதைக் கண்ணால் பார்க்க முடியாது. தண்ணீர் தேக்கித்தான் பார்க்க வேண்டும். வடிகாலை அடைத்து 25 மி.மீ. தேக்குங்கள். 5×8 அடி குளியலறைக்கு ஏறத்தாழ 93 லிட்டர் பிடிக்கும். சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து, கீழ் வீட்டுக் கூரையைத் தேக்குவதற்கு முன்பே படம் எடுத்து ஈரமானி எண்ணையும் எழுதிவிடுங்கள். தரையை இறக்கிப் போட்ட ஸ்லாபில் உள்ளே நிரப்பிய செங்கல் ஜல்லி முதலில் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், கசிவு தாமதமாகத்தான் வெளிவரும். அதனால் 24 மணி நேரத்தைவிட 48 மணி நேரம் நல்லது. கதவுப்படி தாழ்வாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்ணீர் படுக்கையறைக்குள் போனால் அந்தச் செலவு உங்கள் தலையில். பில்டரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் கீழ் வீட்டுச் சாவியும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். கசிவு வராவிட்டாலும் ‘கசிவு இல்லை’ என்று எழுத வேண்டாம். ‘48 மணி நேரத்தில் கசிவு தென்படவில்லை’ என்று எழுதுங்கள்.

இந்த ஒரு வார்த்தைக் கவனம்தான் அறிக்கை முழுக்க வேண்டும். ‘குளியலறைச் சரிவு சரியில்லை’ என்று எழுதினால் ஆள் வந்து பார்த்து ‘சரியாகத்தான் இருக்கு சார்’ என்று போய்விடுவார். இப்படி எழுதுங்கள்: ‘மாஸ்டர் பெட்ரூம் குளியலறை. ஒரு வாளி தண்ணீர் ஊற்றி 15 நிமிடம் கழித்தும், வடிகாலுக்கு எதிர் மூலையில் 60×40 செ.மீ. பரப்பில் 6 மி.மீ. ஆழம் தேங்கி நிற்கிறது. படம் 23, 24. தண்ணீர் முழுவதும் வடிகாலுக்குச் செல்ல வேண்டும்.’ எப்படிச் சரிசெய்வது என்று எழுதாதீர்கள். நீங்கள் சொன்ன முறையில் செய்து மறுபடி தேங்கினால், பழி உங்கள் மேல் வரும். முடிவில் என்ன கிடைக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

எண்ணிக்கையில் பெருமைப்படவும் வேண்டாம். 140 குறைகளை ஒரே வரிசையில் போட்டுக் கொடுத்தால், பில்டர் பெயின்ட் புள்ளி 110ஐத் துடைத்துவிட்டு ‘80 சதவீதம் முடிந்தது’ என்பார். கசிவு அப்படியே இருக்கும். சாவி வாங்கும் முன் முடித்தே ஆக வேண்டியவை (மின்சாரம், கசிவு, கதவுப் பூட்டு, கார்ப்பெட் ஏரியா எனும் உட்புறத் தரைப்பரப்பின் குறைவு) முதல் பக்கத்தில் வரட்டும். 30 நாள் தரக்கூடியவை அடுத்து. அழகுக் குறைகள் கடைசியில், தனித்தாளில். கார்ப்பெட் ஏரியா அளக்கும்போது ரெராவின் வரையறையை அப்படியே பின்பற்றுங்கள்: உள் தடுப்புச் சுவர்கள் சேரும், வெளிச்சுவர், ஷாஃப்ட் (குழாய்கள் போகும் இடைவெளி), பால்கனி, திறந்த மொட்டைமாடி சேராது. பால்கனியைச் சேர்த்து அளந்துவிட்டுச் சண்டைக்குப் போனால் முழு அறிக்கையும் நம்பிக்கை இழந்துவிடும்.

பார்க்கத் தவறியது பற்றிக் கேட்டீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ‘நாங்கள் எதற்கும் பொறுப்பல்ல’ என்ற ஒற்றை வரி அங்கே பெரிதாகக் காப்பாற்றாது. எதைப் பார்த்தோம், எதைப் பார்க்க முடியவில்லை, ஏன் என்று எழுதியிருப்பதுதான் காப்பாற்றும். ‘ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பார்க்க வழியில்லை’, ‘மீட்டர் இணைப்பு வராததால் மின்சோதனை செய்யவில்லை’ என்பதெல்லாம் அறிக்கையிலேயே இருக்கட்டும். வேலை எல்லையை ஒரு பக்கத்தில் எழுதி, முன்பணம் வாங்கும்போதே கையெழுத்து வாங்குங்கள். பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடம் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு கிடைக்கும். எடுத்த படங்களை மூன்று வருடமாவது அழிக்காதீர்கள்.

கட்டணத்தைச் சதுர அடிக் கணக்கில் யாரோ சொன்னதைப் பார்த்து வைக்காமல் உங்கள் செலவிலிருந்து கணக்குப் போடுங்கள். எடுத்துக்காட்டாக, மாதம் உதவியாளர் சம்பளம் 22,000, உங்கள் வீட்டுச் செலவுக்கு 45,000, வண்டி, போன் 6,000, கருவித் தேய்மானம், காப்பீடு, மற்றவை 7,000. மொத்தம் 80,000. இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள்: வாங்குபவர்கள் சனி, ஞாயிறில்தான் வருவார்கள். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இருவர் சேர்ந்து நான்கு மணி நேரம் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு வீடு, மாதத்தில் எட்டு வாரயிறுதி நாள் என்றால் 16 வீடுதான் உச்சம். 16 வந்தால் வீட்டுக்கு 5,000. 10 வந்தால் 8,000 செலவு விழுகிறது. முதல் ஆறு மாதம் நான்கைந்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அதனால்தான் 3 லட்சத்தில் கருவிக்கு 30,000 போதும் என்றது. மீதி அந்த மாதங்களைக் கடத்துவதற்கு, அதுவும் போதாமல் போகலாம். உதவியாளரை முதலில் நாள் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தில் ஒரே ஒரு மறுசோதனை மட்டும் அடங்கும் என்று எழுதுங்கள். பில்டர் நான்கு தடவை ‘முடிஞ்சுது, வந்து பாருங்க’ என்பார். நான்கு தடவையும் சிறுசேரிவரை சும்மா போய்வந்தால் அந்த வீட்டில் நஷ்டம்தான்.

வேலை வருவது அந்தந்தக் குடியிருப்பை வாங்கியவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து. ஒரு டவரில் ஒரு வீட்டை ஒழுங்காகச் செய்தால் மற்ற வீட்டுக்காரர்கள் அந்த அறிக்கையைப் பார்த்தே அழைப்பார்கள். உரிமையாளரின் அனுமதியோடு, பெயரையும் வீட்டு எண்ணையும் மறைத்த மாதிரி அறிக்கை ஒன்றை வைத்திருங்கள். சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு இங்கே வாங்குகிறவர்கள் நல்ல வாடிக்கையாளர்கள். வார நாளிலும் அவர்கள் வீட்டைப் பார்க்கலாம். தரகர் அனுப்பும் வேலையில் கவனம் தேவை, அறிக்கை கடுமையாக வந்தால் அவர் வியாபாரம் கெடும். பில்டரிடமோ வாட்டர்ப்ரூஃபிங் கான்ட்ராக்டரிடமோ கமிஷன் வாங்கினால், குறை சொல்வதே வேலை பிடிக்கத்தான் என்று அடுத்த வாரமே குழுவில் எழுதிவிடுவார்கள். வாசலில் செக்யூரிட்டி உங்களைத் தடுப்பதும் நடக்கும். இன்னார் உடன் வருவார் என்று வாடிக்கையாளர் இரண்டு நாள் முன்பே பில்டருக்கு மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலைக் கையில் வைத்திருக்கட்டும். கடைசித் தவணையைக் கட்டும் முன்பே சோதனையை வைத்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

பயிற்சிச் சான்றிதழ் வாங்கத் தோன்றினால், இன்டர்நாச்சி போன்ற, வீட்டுப் பரிசோதகர்களுக்கான அமெரிக்க அமைப்புகளின் இணைய வகுப்புகள் உள்ளன. அறிக்கை எழுதும் ஒழுங்கு படியும். ஆனால் அவை மரச்சட்ட வீட்டையும் சூடேற்றும் உலையையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. சென்னை ஃப்ளாட்டின் ஓதத்துக்கு உங்கள் சைட் அனுபவமே உதவும். விளம்பரம் கொடுக்கும் முன் உறவினர், நண்பர் வீடுகள் ஐந்தை இலவசமாகச் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் அறிக்கை எழுத எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். முதல் அறிக்கைக்கு எட்டு மணி நேரம் ஆகும். ஐந்தாவது நான்குக்குள் வரவில்லையென்றால், படங்களுக்கு எண் போடும் முறையையும் அறிக்கை வடிவத்தையும் மாற்றிவிட்டு ஆறாவது வீட்டுக்குப் போங்கள்.