கேட்டால் சொல்கிறேன்: எக்செல்லில் இருக்கிறது நாவல், தாளில் இல்லை

கேள்வி: அம்மா, நான் சிப்காட்டில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரப் பரிசோதனை (க்யூசி) லேபில் வேலை பார்க்கிறேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காடு வைத்திருந்த ஒரு குடும்பம் ‘தானே’ புயலுக்குப் பிறகு என்ன ஆனது என்று நாவல் எழுத ஆசை. ஒரு வரி எழுதியதுமே, ‘இந்த ஆள் இப்படிப் பேசுவானா, அன்றைக்குக் கரண்ட் இருந்ததா, கதை இங்கேதான் தொடங்கணுமா’ என்று மூளை குடைகிறது. திட்டம் போட்டால் சரியாகும் என்று ஸ்னோஃப்ளேக் முறையை எடுத்தேன். இப்போது எக்செல்லில் காட்சிப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, ஒரு அத்தியாயம்கூட எழுதவில்லை. திட்டம் போடுவதையே விட்டுவிடட்டுமா?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: விட வேண்டாம் தம்பி. உங்களை மாதிரி ஆளிடம் ‘தோன்றியதை எழுது’ என்று சொன்னால் முதல் பத்தியைத் திருத்தியே தலை நரைத்துவிடும். குடைகிற மூளைக்கு வேலை கொடுக்கத்தான் வேண்டும். எந்த வேலை, எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி.

ஸ்னோஃப்ளேக்கை வகுத்த ராண்டி இங்கர்மேன்சனும் உங்களைப் போல அறிவியல் ஆள்தான், இயற்பியல்காரர். கதையை ஒரே வாக்கியத்தில் சொல், அதைப் பத்தியாக்கு, பாத்திரங்களை எழுது, காட்சிகளைப் பட்டியல் போடு என்று பத்துப் படிகள். நல்ல முறைதான். ஆனால் பாத்திரங்களுக்கு ஜாதகம் கணிக்கிற படி வரும் பாருங்கள், உங்களைப் போன்றவர்கள் அங்கேயே குடியேறிவிடுவார்கள். மூத்த மகன் என்றைக்குப் பிறந்தான், அவனுக்குப் பிடித்த நிறம் என்ன என்று நிரப்பிக்கொண்டே இருக்கலாம், எழுதுவது மாதிரியே இருக்கும். அந்தக் கட்டங்களை அழித்துவிடுங்கள்.

உங்கள் கதைக்குத் தேவை ஒரு காலவரிசை. புயல் கரையேறியது 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலை. முந்திரி பூவெடுக்கிற பருவம். ஆகவே போனது மரம் மட்டுமில்லை, அந்தக் கோடையில் வரவேண்டிய பணமும் போனது. 2012 மழைக்கு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து விஆர்ஐ-3 ரக முந்திரி ஒட்டுக்கன்று வைத்தார்கள் என்று கொள்வோம். ஒட்டுக்கன்று காய்ப்புக்கு வர ஏறக்குறைய மூன்று வருஷம். அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது? யார் வெளியூர் போனது, எந்த நகை அடகுக்குப் போனது, நிலத்தை விற்றுவிடலாம் என்று முதலில் வாயைத் திறந்தது யார்? கன்று முதல் காய்ப்புக் காட்டுவது 2015 கோடையில். அதே வருஷம் நவம்பரில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் பக்கம் வெள்ளம். இரண்டு முனையும் கிடைத்துவிட்டன. நடுவே ஒவ்வொரு காட்சியும் முந்தையதால்தான் நடக்கிறதா என்று குடையுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும். உங்கள் மூளை அதற்குத்தான் பிறந்திருக்கிறது.

காட்சி ஒன்றுக்கு ஓர் அட்டை. யாருக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார், முடிவில் எது மாறியது, இவ்வளவுதான். எதுவுமே மாறாத காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கிவிடுங்கள். வசனத்தை மட்டும் அட்டையில் எழுதவே வேண்டாம். அதையும் அங்கேயே எழுதிவிட்டால் மேசையில் உட்காரும்போது நகலெடுக்கிற வேலைதான் மிஞ்சும், சலித்துப்போகும்.

பிறகு பட்டியலை மூடுவதற்கு ஒரு தேதி வையுங்கள். காலண்டரில் வட்டம் போட்டு, வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லிவிடுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு புதுக் காட்சி சேர்க்கக் கூடாது.

எழுதும் நேரத்தில் சந்தேகம் வரத்தான் செய்யும். உங்கள் கம்பெனியையே பாருங்கள், ரியாக்டரில் சரக்கு வெந்துகொண்டிருக்கும்போது நிமிஷத்துக்கு ஒருதரம் மூடியைத் திறந்தா பார்க்கிறீர்கள்? சாம்பிளுக்கு என்று நேரம் இருக்கிறதல்லவா? கரண்ட் இருந்ததா என்று தோன்றினால் ஓரத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். பின்னால் போய்த் திருத்துவது ஞாயிற்றுக்கிழமை வேலை. அன்றைக்குக் கேள்விக்குறிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு பணிக்கன்குப்பத்துக்கோ காடாம்புலியூருக்கோ பஸ் ஏறுங்கள். எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காததையும் சொல்வார்கள், அதைத்தான் கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எழுதும்போது பாத்திரம் அட்டையை மீறிப் போனால்? போகட்டும். ஞாயிற்றுக்கிழமை அட்டையை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: கதை தானாக ஊற வேண்டாமா? திட்டம் போட்டு எழுதினால் செயற்கையாகிவிடாதா?
- வாசகி, லாசுப்பேட்டை

பதில்: உங்களுக்கு ஊறுகிறது என்றால் அட்டை எதற்கு, எழுதிக்கொண்டே போங்கள். சிறுகதைக்கு நானும் திட்டம் போடுவதில்லை, கடைசி வரி எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தால் போதும். நாவல் வேறு. நூறாவது பக்கத்தில் கர்ப்பமானவளுக்கு இருநூறாவது பக்கத்தில் எத்தனை மாதம் என்று யாராவது கணக்கு வைத்துத்தான் ஆகவேண்டும். அந்தக் கணக்கில் என்ன செயற்கை?

கேள்வி: அட்டையா, எக்செல்லா? எது நல்லது?
- வாசகர், வில்லியனூர்

பதில்: கடலூர் தம்பிக்கு அட்டைதான். எக்செல்லில் வரிசைக்கு முடிவே கிடையாது. புதுச்சேரி நேரு வீதியில் ஏதாவது ஸ்டேஷனரி கடையில் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளட்டும், அது தீர்ந்ததும் எழுத உட்காரட்டும். உங்கள் சிக்கல் என்ன என்று நீங்கள் எழுதவில்லையே!