நகை வங்கியில், கார் வாசலில்?

கேள்வி: கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 68,000 ரூபாய். வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள். மூன்று வருடத்துக்கு முன் மச்சானின் கடைக்காக என் மனைவியின் நகையை வங்கியில் வைத்து 4 லட்சம் வாங்கிக் கொடுத்தேன். 9 சதவீத வட்டி. வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்து வருகிறேன். இப்போது மாருதி ஃப்ரான்க்ஸ் டர்போ ஆல்ஃபா வாங்க ஆசை. ஷோரூம் விலை 10.60 லட்சம், வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு 13 லட்சம் என்கிறார்கள். தங்கம் விலை ஏறியதால் அதே நகைக்கு இன்னும் 3 லட்சம் தர வங்கி தயாராக இருக்கிறது. அதை முன்பணமாகக் கட்டி, மீதி 10 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டியில் ஏழு வருடக் கார் கடன் வாங்கலாமா? டர்போ அந்த விலைக்குத் தகுமா, அல்லது அதே வண்டியில் 7.70 லட்சத்துக்குக் கிடைக்கும் 1.2 லிட்டர் இன்ஜின் டெல்டாவே போதுமா? மாதம் ஒருமுறை திருச்சி போவோம், மற்றபடி ஊருக்குள்தான்.

பதில்: கார் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஃப்ரான்க்ஸ் பார்க்க அழகான வண்டி. ஆனால் பின்பக்கம் சரியும் அந்தக் கூரைக்கு அடியில் இருப்பது மாருதியின் இன்னொரு காரான பலேனோதான். 1.2 இன்ஜினும் அதே 90 குதிரைத்திறன் இன்ஜின். தரையிலிருந்து 190 மி.மீ. உயரம், பலேனோவைவிட 20 மி.மீ. கூடுதல், நம் ஊர் வேகத்தடைகளுக்கு அது நல்லது. டிக்கி 308 லிட்டர், பலேனோவைவிட 10 லிட்டர் குறைச்சல். ஆறு ஏர்பேக் இப்போது டெல்டாவிலும் உண்டு. ஒரு லிட்டர் டர்போ இன்ஜினின் வேகம் நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது தெரியும். கரூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வரும்போது தெரியாது.

இதில் ஷோரூம்காரர் அழுத்திச் சொல்லாத ஒன்று சாலை வரி. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. உங்கள் டர்போவுக்கு வரி மட்டும் 1.91 லட்சம், டெல்டாவுக்கு ஒரு லட்சம். ஷோரூமில் 2.90 லட்சமாகத் தெரிந்த வித்தியாசம் வாசலுக்கு வரும்போது 3.80 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த ரக வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது உண்மை (நாலு மீட்டருக்கு வெறும் 5 மி.மீ. குறைவாக வண்டி செய்வதே இந்தச் சலுகைக்காகத்தான்). அந்தச் சந்தோஷத்தில் ஒரு படி மேலே உள்ள வேரியண்டுக்கு ஏறி, மிச்சமானதை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். ஆகவே வாங்குவதென்றால் டெல்டா. ஆனால் இப்போது அதுவும் வேண்டாம்.

கடிதத்தில் என்னை உறுத்தியது 'திருப்பி வைத்து வருகிறேன்' என்ற ஒரு வரி. வருடத்துக்கு 36,000 ரூபாய், மூன்று வருடத்தில் 1.08 லட்சம் கட்டியாகிவிட்டது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இப்போது அதன் மேல் இன்னும் 3 லட்சம். தங்கம் விலை ஏறியதால் வங்கி உங்களுக்கு எதையும் கொடுக்கவில்லை. உங்கள் நகை உங்களிடமிருந்து இன்னும் கொஞ்சம் தூரமாகப் போகிறது, அவ்வளவுதான்.

கணக்கைத் தோராயமாகவே போடுவோம். கார் தவணை மாதம் 16,350. ஏழு லட்சம் நகைக்கடனுக்கு வட்டி மட்டும் மாதம் 5,250. மொத்தம் 21,600. பெட்ரோலும் இன்சூரன்சும் தனி. ஏழு வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினாலும், கார் கடனுக்கு 3.73 லட்சம், நகைக்கு 4.41 லட்சம், ஆக 8 லட்சத்துக்கு மேல் வட்டியாகவே போகும். கார் பழசாகியிருக்கும். நகை அப்போதும் வங்கியில், ஏழு லட்சம் பாக்கியோடு.

21,600 மாதாமாதம் கட்ட முடியும் என்று நீங்களே நினைக்கிறீர்கள் அல்லவா? சரி, அதை அடுத்த மாதத்திலிருந்தே நகைக்குக் கட்டுங்கள். நகைக்கடன் கணக்கில் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட அனுமதிக்கிற வங்கிகள் உண்டு. உங்கள் கிளையில் கேளுங்கள். இல்லையென்றால் தனிக் கணக்கில் சேர்த்து, திருப்பி வைக்கும் நாளில் மொத்தமாக அசலில் கழியுங்கள். இருபது மாதத்தில், மிஞ்சிப் போனால் இரண்டு வருடத்தில், நகை வீட்டுக்கு வந்துவிடும். இடையில் ஒரு மாதம் அந்தத் தொகையைக் கட்டத் திணறினால் கார் தவணையிலும் திணறியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை திருச்சிக்கு வாடகைக் கார் பிடியுங்கள். ஒரு நடைக்கு 3,000 ரூபாய் ஆனாலும் வருடத்துக்கு அதே 36,000தான்.

நகை வந்த பிறகு இதே தொகையை ஒரு வருடம் சேர்த்தால் இரண்டரை லட்சம் முன்பணம் கையில் இருக்கும். அப்புறம் டெல்டாவுக்கு ஐந்து வருடக் கடனே போதும். 'முன்பணமே வேண்டாம்', 'முதல் மூன்று மாதம் பாதித் தவணை' என்றெல்லாம் ஷோரூமில் நீட்டும் தாளைப் படிக்கக்கூட வேண்டாம்.

மச்சான் விஷயம். மூன்று வருட வட்டியை நீங்கள் கட்டியிருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். மொத்தமாகக் கேட்டால் 'தீபாவளி கழியட்டும் மாமா' என்பார். மாதம் 10,000 என்று தேதி போட்டுக் கேளுங்கள். பணம் உங்கள் கைக்கு வேண்டாம், நகைக்கடன் கணக்குக்கே வரட்டும். அவர் தந்தால் இருபது மாதம் பதினான்காகச் சுருங்கும். பேசும்போது உங்கள் மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும். நகை அவருடையது, தம்பியும் அவருடையவர்.